மிருதுளாவின் இடப்பக்கம்

‘டப்’ என்று ஒரு வெடி. அதைத் தொடர்ந்து நூறு குக்கர்கள் ஒன்றாகச் சீறியது போல வீடே அலறியது.

அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த சுலோசனா, எதற்கும் இருக்கட்டும் என்று கேஸை அணைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். குளித்துவிட்டு வந்துகொண்டிருந்த அவர் மகள் மிருதுளா ஈரத்தலையோடு பாய்ந்தாள். பாய்ந்தது அடுக்களைக்குள்.

சத்தம் வந்ததோ வாசல் அறையிலிருந்து. அங்கேதான் அவள் கணவன் சிபி, காலையில் காற்று நிரப்பி வந்த, முதுகில் மாட்டிக்கொண்டு முங்குகிற இரட்டைச் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருந்தான். வால்வுக்குள் இருக்கிற மோதிர அளவு ரப்பர் வளையம் பிய்த்துக்கொண்டால் இப்படித்தான் கத்தும். திருகி மூடினால் அடங்கிவிடும். ஏழு வருஷமாக அந்த வீட்டில் மாதம் ஒரு தடவையாவது நடக்கிற சங்கதிதான். சிபி நிதானமாக மூடினான். பிறகு எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்று மனைவியைப் பார்த்தான்.

“சிலிண்டர் வெடிச்சா நீ எதுக்குத் தோசைக்கல்லப் பாத்து ஓடுத?”

மிருதுளா ஏதோ சமாளிக்கப் பார்த்தாள். சிபி காதில் வாங்கவில்லை. அவளுடைய வலப்பக்கமாகப் போய் நின்று காதருகே சொடக்குப் போட்டான். அவள் இமைகூட அசையவில்லை. இடப்பக்கம் வந்து போட்டான். திரும்பினாள்.

“எத்தன நாளா?”

“சனிக்கிழமைலேர்ந்து.”

“ஏண்டி, காது கேக்கலைன்னு சொல்றதுக்கு வாய் கூடவா இல்லை?” என்றார் சுலோசனா, தன் காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டே.

ஒரு காது போனால் சத்தம் வருகிற திசை தெரியாது. சனிக்கிழமை கல்கத்தாவின் கிடர்பூர் டாக்கில் ஒரு கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிக்க இருவரும் இறங்கியபோது, மூன்றாவது மீட்டரிலேயே அவள் வலக்காதில் சுருக்கென்று குத்தியது. அப்புறம் குளிர்ந்த தண்ணீர் மண்டைக்குள் புகுந்தாற்போலத் தலை சுற்றியது. வேலையை முடித்துவிட்டுத்தான் ஏறினாள். வெள்ளிக்கிழமை பெரிய வேலை ஒன்று காத்திருந்தது. அதற்குள் சரியாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். சிபி அன்றைக்கே அழைத்துப் போனான். அலிப்பூரில் காது டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையில் ஓட்டை என்றார். ஆறு வாரத்துக்குத் தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்றார். டைவிங் போகலாமா என்று மிருதுளா கேட்டாள். டாக்டர் அவளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, சிபியைப் பார்த்து, “இவங்களைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க” என்று வங்காளியில் சொன்னார்.

சிபிக்கு ஊர் தூத்துக்குடி. முங்கிப்போன சரக்குப் படகு, பார்ஜ் ஒன்றைத் தூக்குகிற வேலைக்காகக் கல்கத்தா வந்தவன். மிருதுளா கிடர்பூரிலேயே பிறந்தவள். அவள் கொள்ளுத்தாத்தா இங்கே ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி. கோபம் வந்தால் மட்டும் இரண்டும் கலந்து வரும். கல்லூரியில் நீச்சலில் ஆரம்பித்து, அந்தமானில் டைவிங் கற்று, அந்த பார்ஜ் வேலையில் சிபிக்கு ஜோடியாக இறங்கினாள். பார்ஜ் மேலே வந்தது. இவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அன்றிலிருந்து டாக்கின் கேட், சங்கிலி, கப்பலின் அடிப்பாகம், எதுவானாலும் இருவரும் சேர்ந்துதான்.

டாக்கின் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. மாஸ்க்குக்கு முன்னால் வைத்த சொந்த விரல் தெரியாது. கடலில் டைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் காட்டுகிற சைகை எதுவும் இங்கே செல்லாது. எல்லாம் தொட்டுத்தான். ஜோடியின் கையைப் பிடித்து முன்னால் தள்ளினால் போ. அழுத்திப் பிடித்தால் நில். பின்னால் இழுத்தால் திரும்பு. முழங்கையிலிருந்து வழித்துக்கொண்டு மேலே போய் வாயருகே இரண்டு தட்டு தட்டினால், எனக்குக் காற்று இல்லை. எந்தச் சைகையையும் வாங்கியவர் அப்படியே திருப்பித் தர வேண்டும். தரவில்லையென்றால் சொன்னது சேரவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வேலை டாக்கின் உள் கேட்டில். பக்கவாட்டில் ஒரு கான்கிரீட் பொந்துக்குள் சறுக்கிப் போய் ஒளிந்துகொள்கிற இரும்புக் கேட் அது. எங்கிருந்தோ வந்த கம்பிக்கயிறு ஒன்று பொந்துக்குள் தண்டவாளத்தில் சிக்கி, கேட் முழுசாக உள்ளே போகாமல் இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் கடலோதத்தில் ஆற்றுவெள்ளம் ஏறும்போது ஒரு கப்பல் வெளியே போயாக வேண்டும். பொந்துக்குள் பன்னிரண்டு மீட்டர் நுழைய வேண்டும், தலைக்கு மேலே கூரை. நினைத்தால் மேலே வந்துவிட முடியாது. அதனால்தான் இரட்டைச் சிலிண்டர், அதனால்தான் சிலிண்டரிலிருந்து வாய்க்கு வர ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான ஹோஸ். ஒருவருக்குக் காற்று போனால் மற்றவர் தன் வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டரை எடுத்துக் கொடுத்து, கழுத்தடியில் தொங்கும் மாற்று ரெகுலேட்டருக்கு மாறிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகவே வெளியே வரலாம்.

காண்டிராக்டர் மஹாதேவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் போனில் அனுதாபம் சொன்னார். முடிவில், வேலையைத் தள்ளிப்போட முடியாது, தன்னிடம் நாலு மாதமாக இருக்கும் பையனை அனுப்புகிறேன், சிபிக்கு ஜோடியாக அவன் இறங்கட்டும் என்றார். பையன் கெட்டிக்காரன், சர்ட்டிஃபிகேட் எல்லாம் இருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழையோடு மழையாக, இரண்டு பெரிய பையைச் சுமந்துகொண்டு வருண் வந்து சேர்ந்தான். கோயம்புத்தூர்க்காரன். கல்கத்தா சால்ட் லேக்கில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன், லீவு லீவாக எடுத்து டைவிங் படித்து, ஒருநாள் வேலையை விட்டுவிட்டான். சுலோசனா அவனுக்குத் துண்டைக் கொடுத்து, காபியைக் கொடுத்து, கம்ப்யூட்டர் வேலையை விட்டது அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியும் என்றான் வருண். சுலோசனா இன்னொரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், முழு உடுப்போடு நிற்கும் ஜோடியை மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்க்க வேண்டும். ஹோஸ் எங்கே, காற்றுமானி எங்கே, வெட்டுக்கத்தி எங்கே, கொக்கி எங்கே. கை போனதும் பொருள் அகப்பட வேண்டும். தேடக் கூடாது. வாசல் அறையில் வருணை நிறுத்தி, சிபியின் கண்ணைத் துண்டால் கட்டினாள் மிருதுளா.

சிபியின் கை போன இடத்தில் ஒன்றும் இல்லை. நீள ஹோஸுக்கு இடது தோளுக்குப் போனான், அங்கே வெறும் வார். மானிக்கு வலது இடுப்பில் துழாவினான். கத்திக்கு வலது மார்பில்.

“எல்லாத்தையும் மாத்தி மாட்டிருக்கான்,” என்றான் சிபி.

“இல்லீங்ண்ணா, ஸ்டாண்டர்டாத்தான் மாட்டிருக்கேன்,” என்றான் வருண். “உலகத்துல எல்லாரும் இப்படித்தாங்க.”

சிபி கண்கட்டைத் தூக்கி மிருதுளாவைப் பார்த்தான். மிருதுளா தரையைப் பார்த்தாள். அவள் இடக்கைக்காரி. சாப்பிடுவதற்கு மட்டும் சுலோசனா எப்படியோ வலக்கையைப் பழக்கிவிட்டார், மற்றதெல்லாம் இடதுதான். டைவிங் ஆரம்பித்தபோதே தன் சாமான்களை எல்லாம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நீள ஹோஸ் இடது தோள் வழியாக வரும், இடக்கையால்தான் காற்றுக் கொடுப்பாள். அதனால் சிபிக்கு எப்போதும் அவளுடைய இடப்பக்கம்தான். தன் வலக்கையால் அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு வருஷம் இருட்டில் போய் வந்திருக்கிறான். வருண் வலக்கையால் காற்றுக் கொடுக்கிறவன். சிபி அவனுடைய வலப்பக்கம் போக வேண்டும், இடக்கையால் பிடிக்க வேண்டும்.

“பக்கம் மாறி நிக்கணும், அவ்வளவுதான?” என்றான் சிபி. “ரெண்டு நாள் போதும்.”

மறுநாள் காலை அலிப்பூர் பக்கம் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் பழக இடம் கிடைத்தது. மாஸ்க் கண்ணாடியில் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு சிபியும் வருணும் இறங்கினார்கள். மிருதுளா இடுப்பளவுத் தண்ணீரில் காதை நனைக்காமல் நின்று பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடித்தரையில் இரண்டு பேரும் தவழ்ந்து போவது, சிபியின் இடது விரல்கள் வருணின் வலது கையில் அழுத்துவது, தள்ளுவது, இழுப்பது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இடக்கை முதலில் திக்கித் திக்கித்தான் பேசியது. போகப்போகச் சரியாயிற்று. காற்று இல்லை என்று சிபி பன்னிரண்டு தடவை சைகை காட்டினான், பன்னிரண்டு தடவையும் வருணின் வலக்கையிலிருந்து சரியாக வாங்கிக்கொண்டான். மேலே வந்து டேப்பைப் பிய்த்துவிட்டு, பார்த்தாயா என்கிற மாதிரி சிரித்தான்.

மிருதுளாவுக்குத் திருப்தி இல்லை. பன்னிரண்டு தடவையும் அவனுக்குத் தெரிந்துதான் காற்று நின்றது. சிபி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வருணைக் கூப்பிட்டு, அடுத்த தடவை போகும்போது எதுவும் சொல்லாமல் சிபியின் முதுகு வால்வை மூடிவிடு என்றாள். வருண் தயங்கினான்.

“திட்டுவாருங்க்கா.”

“என்னைத்தான் திட்டுவான். மூடு.”

வருண் மூடினான். சிபி ஒரு மூச்சு இழுத்தான், வரவில்லை. அந்தக் கணத்தில் அவன் உடம்பு முழுவதும் வலப்பக்கம் திரும்பியதை மிருதுளா மேலிருந்து பார்த்தாள். இடக்கை வருணை விட்டுவிட்டது. வலக்கை விரிந்து, வெறும் தண்ணீரைப் பிடித்தது. மறுபடி பிடித்தது. பின்னால் வருண் வலக்கையில் ரெகுலேட்டரை நீட்டிக்கொண்டு, ஆள் எங்கே என்று தெரியாமல் துழாவிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி இடைவெளி. குளத்தின் ஆழம் ஐந்தடி. சிபி எழுந்து நின்றுவிட்டான்.

டாக்கின் பொந்தில் எழுந்து நிற்க முடியாது.

மதியம் இலையில் உட்கார்ந்தார்கள். அன்று பொட்டோல் கூட்டு. கோவைக்காய்க்கு அண்ணன் மாதிரி இருக்கும் இந்த ஊர்க் காய் அது, சுலோசனா தேங்காயும் மிளகும் அரைத்துவிட்டால் சிபி இரண்டு தடவை கேட்டு வாங்குவான். அன்றைக்கு ஒதுக்கி வைத்தான். வருண் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, சாப்பாடு ரொம்ப நல்லா இருக்குங்கம்மா என்று மூன்று தடவை சொன்னான்.

“நீ சொல்லித்தான மூடுனான்?” என்று கடைசியில் சிபி கேட்டான்.

“ஆமா.”

“எதுக்கு? எனக்கு வராதுன்னு அவனுக்குக் காட்டணுமா?”

“எனக்குப் பாக்கணும்,” என்றாள் மிருதுளா. “வெள்ளிக்கிழமை நான் மேல கயித்தைப் பிடிச்சிண்டு நிக்கப் போறேன். கீழ உன் கை எங்க போகும்னு தெரியாம நிக்க முடியாது.”

வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள். சிபி, ஆறு வாரத்துக்கு எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டான். அப்புறம் அவளுக்குத் தன்னை வேறு ஒருத்தனோடு அனுப்ப மனசில்லை, அதுதான் விஷயம் என்றான். மிருதுளா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, ஆமாம், மனசில்லைதான், அதற்கும் சிபியின் கை வலப்பக்கம் போனதற்கும் சம்பந்தம் இல்லை என்றாள். சுலோசனா நடுவில் புகுந்து, மோர் விடட்டுமா என்று கேட்டார்.

அப்போதுதான் வருண் வாயைத் திறந்தான்.

“அக்கா, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஏழு வருஷமா ஒரே ஆளாத்தான் எறங்கியிருக்கீங்க. மூணாவதா வர்றவனுக்குப் புடிக்கறதுக்கு ஒரு எடமும் விட்டு வெக்கலீங்க. இது அண்ணன் தப்பில்லை. வேணும்னா என் ஹோஸை எல்லாம் உங்க மாதிரி மாத்திக்கறேன்.”

“உன் ஹோஸை மாத்தினா உன் கை தடுமாறும்,” என்றாள் மிருதுளா. “தடுமாறுற ஆள் ஒருத்தனே போதும்.”

வருண் சொன்னது அவளுக்குச் சுட்டது. அந்த மாற்று ஏற்பாடு அவள் செய்தது. தொழில் கற்ற நாளில் மாஸ்டர் சொன்னார், சாமான் உன் வசதிக்கு மட்டும் இல்லை, உன்னைத் தேடுகிறவன் வசதிக்கும்தான் என்று. அவள் தன்னைத் தேடுகிறவனையே தன் வசதிக்கு மாற்றிக்கொண்டாள். ஏழு வருஷம் அது பெருமையாகக்கூட இருந்தது. சிபி வேறு யாரோடும் இறங்குவதில்லை என்று டாக்கில் சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கை கழுவிவிட்டு நேரே தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனாள். பழைய டியூப் ஒன்றை வாங்கி வந்து, கத்தரிக்கோலால் ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக வெட்டினாள். ஒரு நுனியைச் சிபியின் இடது மணிக்கட்டில், மறு நுனியை வருணின் வலது முழங்கைக்குக் கீழே. எங்கேயாவது சிக்கினால் பலமாக இழுத்தால் அறுந்துபோகும் அளவுக்கு நடுவில் ஒரு வெட்டுக் கொடுத்தாள்.

“கட்டிப்போட்ட மாடு மாதிரியா போவணும் நான்?” என்றான் சிபி.

“ஆமா,” என்றாள்.

வியாழக்கிழமை மறுபடி குளம். மறுபடி சொல்லாமல் வால்வை மூடினான் வருண். சிபியின் உடம்பு அதே மாதிரி வலப்பக்கம் திரும்பியது. வலக்கை அதே மாதிரி வெறும் தண்ணீரைப் பிடித்தது. ஆனால் ரப்பர் பட்டை முறுக்கேறி இடது மணிக்கட்டை இழுத்தது. இழுத்த பக்கம் திரும்பினான், வருணின் கை இருந்தது, அதன் நுனியில் காற்று இருந்தது. மிருதுளா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு விநாடி. இன்னும் நாலு தடவை செய்யச் சொன்னாள். நாலிலும் கை முதலில் வலப்பக்கம்தான் போயிற்று, நாலிலும் இரண்டு விநாடியில் திரும்பியது. ஏழு வருஷப் பழக்கத்தை மூன்று நாளில் அழிக்க முடியாது. இரண்டு விநாடி மூச்சில்லாமல் எந்த டைவரும் இருப்பான்.

“போகலாம்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது, மழை இறங்கவில்லை, புழுக்கம். டாக்கில் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாருக்கும் அண்ணனான கேட் ஃபோர்மன் பிஷு-தா இவர்களுக்காகக் காத்திருந்தார். மிருதுளா உடுப்பில்லாமல் சல்வாரோடு நிற்பதைப் பார்த்து, இன்றைக்கு என்ன, தீதி மேலேயா, அக்கா இறங்கவில்லையா என்று விசாரித்தார். காது என்று காட்டினாள். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, பாண்ட் என்கிற மண்குவளை மூன்றில் டீ வரவழைத்தார். இறங்கப் போகிறவர்கள் குடிக்கவில்லை. மிருதுளா குடித்தாள், ருசி தெரியவில்லை.

ஏற்றமும் வடிதலும் ஓய்ந்து தண்ணீர் நின்ற நேரம் பதினொன்றே முக்கால். படிக்கட்டில் நின்று, சிபியும் வருணும் ஒருவரையொருவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்கள். இந்த முறை சிபியின் கை எதையும் தேடவில்லை. மிருதுளா கடைசியாக ரப்பர் பட்டையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். பிஷு-தா உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டைவருக்கு அந்தச் சைகை மேலே ஏறு என்று அர்த்தம். இன்னும் இறங்கவே இல்லையே என்றான் சிபி, மாஸ்க்குக்குள்ளிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். சாயம்போன தேயிலைத் தண்ணீர் மாதிரியிருந்த டாக்கில் இரண்டு தலையும் முங்கின. ஒரு சாண் ஆழத்திலேயே காணாமல் போயின.

இனி மிருதுளாவுக்கு உள்ளதெல்லாம் கையில் இருக்கும் கயிறுதான். அதன் மறுநுனி சிபியின் இடுப்பில். அவள் ஒரு இழுப்பு இழுத்தால் சௌக்கியமா என்று கேள்வி, திரும்பி ஒரு இழுப்பு வந்தால் சௌக்கியம். மூன்று வந்தால் திரும்பி வருகிறோம். நாலு வந்தால் பிடித்து இழு.

கயிறு நாலு மீட்டர் போயிற்று, ஏழு, ஒன்பது. பொந்தின் வாய். அங்கே ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கிடைவாட்டில் மெல்ல மெல்ல உள்ளே போயிற்று. ஒவ்வொரு மூன்று நிமிஷத்துக்கும் ஒரு கேள்வி கேட்டாள், ஒரு பதில் வந்தது. நடுவில், சிக்கியதை மேலே சுற்றி இழுக்கத் தனியாக விட்டிருந்த வின்ச் கயிறு அசைந்தது. கம்பிக்கயிற்றைக் கண்டுபிடித்து, கொக்கியை மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பிஷு-தா கையைத் தேய்த்துக்கொண்டார். சிக்கிய இடத்தை அறுக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று மிருதுளா சொன்னாள்.

இருபத்தாறாவது நிமிஷம் ஒரு இழுப்பு இழுத்தாள். பதில் இல்லை.

கயிறு எங்கேயோ உரசுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி இழுத்தாள். கயிறு தொய்ந்தது, பிறகு விறுக்கென்று வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. அது சைகை இல்லை. அது ஒரு உடம்பு திரும்பியது. பொந்தின் வாய்க்கு நேரே, தண்ணீரில் கொத்தாகக் குமிழி பொங்கியது. சாதாரண மூச்சின் குமிழி அப்படி வராது. ஹோஸ் அறுந்தால்தான் அப்படி வரும். பிஷு-தா என்னவோ கேட்டார், அவர் வலப்பக்கம் நின்றிருந்தார், அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு விநாடி என்று எண்ணினாள். மூன்று. நாலு. செருப்பை உதறிவிட்டுப் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். கணுக்கால்வரை தண்ணீர்.

ஆறு என்று எண்ணியபோது கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமான, சரியான இடைவெளி விட்ட மூன்று இழுப்பு. நாலாவது வரவில்லை.

காலை எடுத்துப் படிமேல் வைத்துக்கொண்டு, வாங்கிய மூன்றை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். தொய்வு விழாமல் கயிற்றைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

வெளியே வர ஒன்பது நிமிஷம் ஆயிற்று. முதலில் வருணின் தலை, அதற்கு ஒரு கை தூரத்தில் சிபியின் தலை. சிபியின் வாயிலிருந்து கறுப்பு ஹோஸ் நீண்டு போய் வருணின் வலது தோளில் முடிந்தது. வருண் கழுத்தடியில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். படியில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியதும் சிபி முதலில் சொன்னது, வின்ச்சைப் போடச் சொல்லு, அறுத்தாச்சு என்பதுதான்.

வின்ச் முனகியது. ஐந்து நிமிஷத்தில் துருப்பிடித்த கம்பிக்கயிறு சேறு வழிய மலைப்பாம்பு மாதிரி மேலே வந்து விழுந்தது. பிஷு-தா கேட்டை ஓட்டச் சொன்னார். அது தடதடவென்று பொந்துக்குள் முழுசாகப் போய் மறைந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நடந்ததை வருண்தான் சொன்னான். கம்பிக்கயிற்றை அறுக்கும்போது ஒரு இழை துள்ளி, சிபியின் ஹோஸைக் கிழித்துவிட்டது. மாற்று ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைத்தால் அதில் சேறு அடைத்திருந்தது. அடுத்து வருணின் வாயருகே இரண்டு தட்டு விழுந்தது. அவன் வாயிலிருந்ததை எடுத்து நீட்டினான், சிபி வாங்கிக்கொண்டான். அப்புறம் முதுகு வால்வை மூடிக்கொண்டு, மிச்ச இழையையும் அறுத்துவிட்டுத்தான் வந்தோம் என்றான்.

“புக்குல போட்டிருக்கற மாதிரியே இருந்துச்சுங்க்கா. அண்ணன் பதறவே இல்லை. ஏழு வருஷமா என்கூட எறங்கற மாதிரி டக்குனு வந்துட்டாரு.”

மஹாதேவன் போனில் கூப்பிட்டு எல்லாரையும் தனித்தனியாகப் புகழ்ந்தார். சிபி பிஷு-தாவிடம் ஆற்றுவெள்ளத்தைப் பற்றியும், வருணிடம் அடுத்த வாரம் சங்கிலி வேலை இருக்கிறது, நீயே வா என்றும் பேசிக்கொண்டிருந்தான். வருண் சாமான்களை வண்டியில் ஏற்றப் போனான். பிஷு-தா கேட்டுக்குப் போனார்.

கரையோரம் கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கிற இரும்புத்தூண் மேல் சிபி உட்கார்ந்திருந்தான், தோளில் துண்டு. மிருதுளா போய், நல்ல காது அவன் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

கயிறு தன் கையில் ஒரு வெட்டு வெட்டியதை அவள் சொன்னாள். ஆறுவரை எண்ணியதையும் சொன்னாள். வருணுக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தனக்குத் தெரிய வேண்டும் என்றாள்.

“சொல்லு. கை மொதல்ல எங்க போச்சு?”

சிபி துண்டால் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்தான்.

“வலப்பக்கந்தான் போச்சு, மிருது. அங்க நீ இல்லன்னு தெரிஞ்ச பொறவுதான் எனக்கு மூச்சே முட்டுச்சு.”